எட்டாவது மாடி நத்தைகள்

1

விசாவைப் புதுப்பித்துக்கொண்டு வீடு திரும்பிய அன்றுதான் கதவில் அந்த நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

எங்கள் வீட்டில் ஆளுக்கொரு தாள். மகள் அஃப்ரின் இங்கே, மலேசியாவில் பிறந்தவள், நீல அடையாள அட்டை வைத்திருக்கிறாள். கணவர் நிஜாமுத்தீனுக்கு நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அட்டை. நான் மட்டும் இந்தியப் பாஸ்போர்ட்டோடு, இன்னாருடைய மனைவி என்ற ஒரே காரணத்தால் தங்கியிருப்பவள். அதனால் காலக்கெடு முடியும்போதெல்லாம் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய், கணவரைப் பக்கத்தில் நிறுத்திக் காட்டிவிட்டு வரவேண்டும். கவுன்டரில் இருக்கும் பெண் அவரைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், வேலை முடிந்துவிடும். "இன்னம் கொஞ்ச நாளைக்கு நீ எம் பொண்டாட்டிதான்" என்று வெளியே வரும்போது சொல்வார். இருபது வருடமாக இதே நகைச்சுவை. நானும் இருபது வருடமாகச் சிரித்து வைக்கிறேன்.

அன்றும் சிரித்துக்கொண்டேதான் பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கி, எங்கள் அடுக்குமாடியின் எட்டாவது மாடிக்கு வந்தோம். கதவில் மலாய் மொழியில் ஒரு தாள். எனக்கு வாய்த்தது கடைத்தெரு மலாய். எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். உணவு வியாபாரம், புகார், நிர்வாக அலுவலகம் என்று துண்டு துண்டாகப் புரிந்தது. நடுவில் தடித்த எழுத்தில் 'சிப்புட்' என்று ஒரு சொல். சிப்புட் என்றால் நத்தை.

என் கணவர் முழுதும் படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சபீரா, நீ வீட்ல நத்தை சமைச்சு விக்கிறியா?"

"என்னா மச்சான் பேசுறீங்க? நத்தையை யாராச்சும் திம்பாங்களா?"

"இதுல அப்படித்தான் போட்டுருக்கு. எட்டாவது மாடியில அனுமதி இல்லாம நத்தைக் கறி விக்கிறாங்களாம்."

அவருக்குக் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. சற்று முன்தான் இந்த நாட்டில் இன்னும் கொஞ்ச காலம் இருந்துகொள் என்று ஒரு அலுவலகம் சொல்லியிருந்தது. இப்போது இன்னொரு அலுவலகம் கூப்பிடுகிறது. என்னைப் போன்ற தாளோடு வாழ்கிறவர்களுக்கு எல்லா அலுவலகமும் ஒன்றுதான். அடுக்குமாடியின் மேலாளருக்கும் என் விசாவுக்கும் சம்பந்தமில்லை என்று அறிவுக்குத் தெரியும், அடிவயிற்றுக்குத் தெரியாது.

நத்தை எங்கள் வீட்டில் இருப்பதென்னவோ உண்மை. ஊரில் இதைப் படிக்கிறவர்கள் முகம் சுளிப்பீர்கள். நானும் சுளித்தவள்தான்.

2

நத்தை எங்கள் வீட்டுக்கு வந்தபோது அஃப்ரினுக்குப் பதினாறு வயது. பண்டமாரானில் ஒரு தோழி வீட்டுக்குப் படிக்கப் போனவள், மழை விட்ட சாயங்காலம் சாப்பாட்டு டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். தோழியின் அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டுபவர். வீட்டு வாசலில் நாலு வெண்டைச் செடி வைத்திருந்தார். மழைக்கு வெளியே வந்த நத்தைகள் மீது அவர் கை கையாக உப்பை அள்ளி வீசிக்கொண்டிருந்தாராம். உப்பு பட்டதும் அவை நுரைத்துக் கரைவதைப் பார்த்து இவள் அழுதிருக்கிறாள். "அழாத லா பொண்ணு, வேணும்னா நீயே எடுத்துட்டுப் போ" என்று மிச்சமிருந்த இரண்டை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

டப்பாவைத் திறந்தாள். ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம். பழுப்பும் வெளிர் மஞ்சளுமாகக் கோடு போட்ட கூம்பு ஓடு. ஆப்பிரிக்காவிலிருந்து வந்து உலகம் முழுக்கப் பரவிவிட்ட ராட்சத நத்தை என்று பிறகு சொன்னாள். ஒன்றின் ஓடு ஓரத்தில் உடைந்திருந்தது.

"அதை வெளிய போடு" என்றேன்.

"வெளிய போட்டா சாவடிச்சிருவாங்க ம்மா."

"சாவட்டும். நான் சோறு போடுற டப்பாடி அது!"

எனக்குத் தெரிந்த நத்தை வேறு. அதிராம்பட்டினத்தில் நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, வயல் பக்கத்துப் பெண்கள் மழைக்காலத்தில் கூடையில் நத்தை கொண்டுவந்து கூறு கட்டி விற்பார்கள். மூலத்துக்கு நல்லது என்று வாங்குவோர் உண்டு. எங்கள் தெருவுக்குள் அந்தக் கூடை வராது. எங்களுக்கு ஆகாதது. அதைத் தொட்டால்கூடக் கை கழுவச் சொல்லி வளர்க்கப்பட்டவள், கடல் தாண்டி வந்து அதற்கு வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருப்பேன் என்று யார் நினைத்தார்கள்?

அஃப்ரின் மீன் வளர்க்கும் பழைய கண்ணாடித் தொட்டி ஒன்றைத் தேடிப் பிடித்தாள். தேங்காய் நார்த் தூளைப் பரப்பி, தினமும் தண்ணீர் தெளித்தாள். ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்து வேண்டுமென்று கணவாய் ஓடு கேட்டாள். கடற்கரை ஊர்க்காரி எனக்கு அது தெரியாத பொருளா? பாசாரில் மீன்காரரிடம் கணவாய் வாங்கும்போது ஓட்டையும் சேர்த்து வாங்கி, கழுவிக் காய வைத்துக் கொடுத்தேன். நத்தைக்காக நான் செய்த முதல் வேலை அதுதான். சில மாதத்தில் உடைந்த இடத்தில் புது ஓடு வளர்ந்து மூடிக்கொண்டது. தழும்பு மட்டும் மேடாக நின்றது.

உடைந்ததற்கு அவள் வைத்த பெயர் பத்து. மலாயில் கல் என்று அர்த்தம். இன்னொன்று புலான், நிலா. ஊரிலிருக்கும் என் தங்கையிடம் போனில் இதைச் சொன்னபோது, "பத்துன்னா பேரு? மத்த ஒம்பதும் எங்கே லாத்தா?" என்றாள். எனக்கும் அந்தப் பெயர் அப்படித்தான் கேட்டது. அஃப்ரினுக்கு அந்த வேடிக்கையே புரியவில்லை. அவள் காதில் பத்து என்றால் முதலில் கல்தான்.

3

பள்ளி முடித்ததும் அவளுக்குக் கடல்வாழ் உயிரினங்களைப் பற்றிய படிப்புக்கு இடம் கிடைத்தது. சரவாக்கில், கூச்சிங்கில். மலேசியாதான், ஆனால் நடுவில் கடல். நத்தைகளைக் கொண்டுபோக வழியில்லை, பயிருக்குப் பகையென்று பெயர் வாங்கிய உயிரை யார் விமானத்தில் ஏற்றுவார்கள்?

"ம்மா, நீங்க பாத்துக்குவீங்களா?" என்று கேட்டாள்.

"ஒங்க வாப்பாவையே பாத்துக்கிறேன். இதையும் சேத்துப் பாக்குறேன்" என்றேன்.

கையுறை போட்டுத்தான் தொட வேண்டும், தொட்டபின் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், இவற்றின் உடம்பில் மூளைக் காய்ச்சல் தரும் புழு இருக்கலாம் என்று பயமுறுத்திவிட்டுப் போனாள். என் கணவர் தொட்டி இருக்கும் அறைப் பக்கம் தலைகாட்டுவதை நிறுத்திக்கொண்டார். காலையில் கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போகிறவர், ஜவுளிக்கடையை அடைத்துவிட்டு இருட்டியபின்தான் வருவார். பகல் முழுக்க வீட்டில் நானும் அந்த இரண்டும்தான். அமைதியான மதியத்தில் அவை வெள்ளரிக்காயைக் கரண்டுகிற சத்தம் கேட்கும். நம்ப மாட்டீர்கள், காதை வைத்தால் கேட்கும்.

அஃப்ரின் தினமும் வீடியோவில் கூப்பிடுவாள். "ம்மா, சாப்டீங்களா? சரி, கேமராவ அங்க திருப்புங்க." அவ்வளவுதான் எனக்கு. மீதி நேரமெல்லாம் தொட்டி. பத்து ஏன் அந்த மூலையில் இருக்கிறது, மண் காய்ந்த மாதிரி இருக்கிறதே, புலானை லேசாகத் திருப்பிக் காட்டுங்கள். நான் கையை நீட்டிப் போனைப் பிடித்துக்கொண்டே நிற்பேன். நீ என்ன சாப்பிட்டாய், அறைத்தோழி எப்படி, மழையா என்று கேட்டால் பாதி ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். அப்புறம் மறுபடி நத்தை.

எனக்கு இது புதிதில்லை. என் வாப்பாவும் இதே மலேசியாவில், கிள்ளானில்தான் மளிகைக் கடை வைத்திருந்தார். பக்கத்து வீட்டுக்கு அவருடைய போன் வரும். உம்மாவும் பிள்ளைகளும் ஓடிப்போய் வரிசையில் நிற்போம். அவர் கேட்பதெல்லாம் கிணற்று மோட்டார் ஓடுகிறதா, தென்னைக்குத் தண்ணீர் பாய்கிறதா, கொல்லைச் சுவரைப் பூசியாயிற்றா என்பதுதான். "அவருக்கு நம்மளவிடத் தென்னைமரம்தான் பெருசு" என்று உம்மா போனை வைத்துவிட்டுச் சொல்வார். நானும் அப்படித்தான் நம்பினேன். வாப்பா மௌத்தாகிப் பல வருடம் ஆகிறது. தொட்டிக்கு எதிரே போனைப் பிடித்துக்கொண்டு நின்ற ஏதோ ஒரு நாளில், தென்னையைப் பற்றிக் கேட்கும்போது அவர் குரல் எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். குரல் வரவில்லை. கேள்விகள் மட்டும்தான் நினைவில் இருக்கின்றன.

4

தங்கை மகளின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனேன். எனக்கென்று ஏசி அறையை ஒதுக்கி வைத்திருந்தார்கள். "லாத்தாவுக்குப் பாட்டில் தண்ணி குடு, நம்ம தண்ணி சேராது" என்றாள் தங்கை, நான் குடித்து வளர்ந்த தண்ணீரைப் பற்றி. ஆட்டோக்காரரை, இங்கே கடைக்காரர்களைக் கூப்பிடுவதுபோல, வாய் தவறி "பாஸ்" என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் திரும்பித் தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். மாப்பிள்ளை வீட்டார் எதையோ கேட்டபோது "பொலே, பொலே" என்று தலையாட்டினேன். முடியும், சரி என்பதற்கு இங்கே சொல்வது. பிள்ளைகள் கல்யாணம் முடியும்வரை என்னைப் "பொலே பெரியம்மா" என்றே கூப்பிட்டார்கள். கோபமில்லை. ஆனால் அங்கே நான் விருந்தாளி ஆகி எவ்வளவோ காலமாகிவிட்டது என்பது அந்தச் சிரிப்பில்தான் எனக்கு உறைத்தது.

திரும்பி வந்து பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, தொட்டியைப் போய்ப் பார்த்தேன். இரண்டும் ஓட்டுக்குள் சுருங்கி, வாயை வெள்ளைத் தாள் போன்ற ஒரு சவ்வால் அடைத்துக்கொண்டு கிடந்தன. மண் புழுதியாக இருந்தது. என் கணவர் தண்ணீர் தெளிக்க மறந்திருக்கிறார். போதாக்குறைக்கு அந்த அறையின் ஏசி வேறு ஓடியிருக்கிறது.

"செத்துருச்சா?" என்றார் கதவுக்கு வெளியே நின்றபடி.

அஃப்ரினிடம் என்ன சொல்வேன் என்பதுதான் எனக்குள் முதலில் ஓடியது. அவளுக்குச் செய்தி அனுப்பினேன். வகுப்பில் இருந்தாள் போல, ஒரே வரியில் பதில் வந்தது. 'சாகல ம்மா, காஞ்சா அப்படித்தான் மூடிக்கும், வெதுவெதுப்பான தண்ணில வைங்க.'

கையுறை மாட்டி, தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, இரண்டையும் வைத்து உட்கார்ந்தேன். லுஹர் தொழுதுவிட்டு வந்தேன், அசைவில்லை. துணி மடித்தேன், அசைவில்லை. சாயங்காலம் பத்துவின் சவ்வில் ஒரு ஓரம் நனைந்து விலகியது. சாம்பல் நிறத்தில் சதை ஒரு நூல் அளவு வெளியே வந்தது, உள்ளே போனது, மறுபடி வந்தது. அப்புறம் கீழ்க் கொம்புகள். கடைசியாக மேல் கொம்புகள், நுனியில் கண்ணோடு. நான் இருக்கும் பக்கம் அவை திரும்பியபோது, "அல்ஹம்துலில்லாஹ்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். கதவுக்கு வெளியிலிருந்து என் கணவரும் சொன்னார்.

அன்றிலிருந்து அவற்றை அஃப்ரின் கேட்கிறாள் என்பதற்காக மட்டும் நான் பார்த்துக்கொள்ளவில்லை.

5

மண்ணுக்குள் முட்டைகளைக் கண்டது அதற்குப் பிறகு. இளமஞ்சளில் சின்னச் சின்ன உருண்டைகள், கொத்தாக. நத்தை வயிற்றிலும் முத்து பிறக்கும் என்று பழமொழி சொல்வார்கள். பார்த்தால் முத்தேதான். ஓடிப்போய்ப் போனை எடுத்து வீடியோவில் அஃப்ரினுக்குக் காட்டினேன். அவள் சந்தோஷப்படவில்லை.

"ம்மா, எல்லாத்தையும் எடுத்து ஃப்ரீசர்ல போடுங்க. பொரிக்கக் கூடாது."

"ஏன்டி? பாவம்."

"வெளிய போனா செடியெல்லாம் காலி. ஜெஞ்சாரோம் பக்கம் தோட்டத்துல போய்ப் பாருங்க, ஒரே மழையில காய்கறி மொத்தமும் போயிடும். நம்ம ரெண்ட வச்சுக்கிட்டது நம்ம ஆசை. அதுக்கு இதுதான் பொறுப்பு."

உப்பு வீசியதற்கு அழுத பெண்தான் இதைச் சொல்கிறாள். படிப்பு அவளை மாற்றியிருக்கிறதா, வளர்ந்துவிட்டாளா என்று தெரியவில்லை. முட்டையை மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். என் கணவர் ஒரு வாரம் மீன் சாப்பிடவில்லை. அடுத்தடுத்த முறையும் எடுத்து வைத்தேன். ஒரே ஒரு கொத்து மட்டும் தொட்டியின் மூலையில், அடி ஆழத்தில், என் கண்ணில் படாமல் தப்பிவிட்டது. ஒரு நாள் காலை தொட்டிக் கண்ணாடியெங்கும் கண்ணாடி போலவே ஓடுள்ள குட்டிகள். பச்சைப் பயறு அளவு. எண்ணி மாளாது.

அஃப்ரின் தலையில் கைவைத்துக்கொண்டாள். பரீட்சை நடக்கிறது, முடிந்ததும் யோசிக்கலாம், அதுவரை தனித்தனி டப்பாக்களில் மூடிவையுங்கள் என்றாள். அவ்வளவு டப்பாவுக்கு எங்கே போவது? எங்கள் அடுக்குமாடிக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. நான் அதில் வாய் திறந்ததே இல்லை. யார் என்ன போட்டாலும் கட்டைவிரலைக் காட்டுவதோடு சரி. அன்றைக்கு முதல் முறையாக மலாயில் எழுதினேன். என்னிடம் நிறைய நத்தை இருக்கிறது, டப்பா தேவை.

இந்த நத்தைக்கு மலாயில் இருக்கும் முழுப் பெயரில் பன்றி என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை எழுதக் கை கூசியது. அதனால் வெறும் சிப்புட் என்று மட்டும் போட்டேன். மளமளவென்று பதில்கள் வந்தன. இவ்வளவு நல்ல மனிதர்களா என்று நெகிழ்ந்துபோய், படித்துப் பார்க்காமலே எல்லாவற்றுக்கும் கட்டைவிரலைக் காட்டிவிட்டு, மறுநாள் விசா வேலையாகக் கிளம்பிப் போய்விட்டேன்.

6

நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு எதிர் வீட்டுச் சரோஜா அக்காவிடம் போனேன். இங்கேயே ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்து, நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மலாய் அவருக்குத் தாய்மொழி மாதிரி. என் போனை வாங்கிக் குழுவைப் படித்தவர் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது அவருக்கு.

"ஐயோ சபீரா, என்னா வேலம்மா பண்ணிருக்க! சும்மா சிப்புட்னு சொன்னா இங்க திங்கிற நத்தை லா. தேங்காப்பால் ஊத்திச் சமைப்பாங்க. நீ பாட்டுக்கு நெறைய இருக்கு, டப்பா வேணும்னு போட்டுட்ட. டப்பா என்னா விலைன்னு ஒருத்தர் கேக்குறாரு, காரம் கம்மியா ரெண்டுன்னு இன்னொருத்தர் ஆர்டர் குடுக்குறாரு. எல்லாருக்கும் நீ கட்டவெரலு காட்டிருக்க!"

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரே என்னோடு கீழே வந்தார். மேலாளர் என்சிக் ரஷீத் இளைஞர். திருவுக்கு இங்கே என்சிக், திருமதிக்குப் புவான். அவர் பக்கத்தில், எங்கள் குடியிருப்போர் குழுவைச் சேர்ந்த புவான் ரொஹானா. கீழே பொதுத் தோட்டத்தில் மிளகாயும் பண்டான் இலையும் வளர்ப்பவர். சமைக்கவில்லை, வளர்க்கிறோம் என்று சரோஜா அக்கா விளக்கியதும் அவர்கள் முகத்தில் தெளிவு வருவதற்குப் பதிலாகக் கூடுதல் குழப்பம் வந்தது. வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

எட்டாவது மாடி அறையில் நாலு பேர் தொட்டியைச் சுற்றி நின்றோம். அலமாரி முழுக்க நான் தேடிச் சேர்த்த டப்பாக்கள். மேலாளர் குனிந்து பார்த்தார், அவருக்குச் சிரிப்பு வந்தது. புவான் ரொஹானாவுக்கு வரவில்லை. அவர் தோட்டத்து மிளகாய்ச் செடியை மழைக்காலத்தில் மொட்டையடிப்பது இதே நத்தைதான். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கையில் உப்போடு தோட்டத்துக்கு இறங்குகிறவர். இவ்வளவையும் ஒரு வீட்டில் பெருக்கி வைத்திருக்கிறீர்களே, ஒன்று கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, வருத்தமாகக் கேட்டார். எல்லாம் இன்றே போக வேண்டும், பெரியதும் சேர்த்து என்றார்.

சரோஜா அக்கா மொழிபெயர்க்கத் திரும்பினார். எனக்கு ஏற்கெனவே புரிந்துவிட்டது. நானே பேசினேன். என் மலாயில், முன்னும் பின்னுமாக. இது என் மகளுடையது. மகள் சரவாக்கில் படிக்கிறாள். நான் பார்த்துக்கொள்கிறேன். குட்டிகளை ஒன்றுகூட வெளியே விடமாட்டோம், மகள் வந்ததும் முடித்துவிடுவோம். பெரியது இரண்டையும் விட்டுவிடுங்கள். அவை இந்த அறையைத் தாண்டி எங்கும் போனதில்லை. நானும் அதிகம் போனதில்லை.

கடைசி வாக்கியத்தை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது. இருபது வருடத்தில் மலாயில் நான் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் முறை.

புவான் ரொஹானா மேலாளரிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். பெரியது இரண்டும் இருக்கலாம், குட்டிகள் மகள் வந்ததும் போய்விட வேண்டும், தொட்டிக்குப் பூட்டுப் போட வேண்டும் என்று முடிவானது. இறங்கிப் போகும்போது, தோட்டத்துக்கு வாங்களேன், வீட்டுக்குள்ளேயே இருக்கிறீர்களே என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அதற்கும் பொலே என்றேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

7

பரீட்சை முடிந்த கையோடு அஃப்ரின் வந்தாள். தோழிகளோடு எங்கோ போகத் திட்டமிட்டிருந்த விடுமுறை அது. வந்ததும் டப்பாக்களைப் பார்த்தாள்.

"நான் பாத்து முடிச்சிடட்டுமா?" என்று கேட்டேன். கேட்டேனே தவிர, என்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். முட்டை வேறு, கொம்பை நீட்டிப் பார்க்கிற குட்டி வேறு.

"நீங்க செய்ய வேணாம் ம்மா. கொண்டாந்தது நான். நானே செய்றேன்."

என் கணவர் எழுந்து, ஃப்ரீசரில் இருந்த மீனையெல்லாம் எடுத்துச் சரோஜா அக்கா வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். காலி செய்த தட்டுகளைத் துடைத்துக்கூட வைத்தார். அஃப்ரின் டப்பாக்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள். நான் அவளுக்கு எடுத்துக் கொடுத்தேன். கடைசி டப்பாவை வைத்துக் கதவை மூடியதும் நெற்றியைக் கதவில் சாய்த்து நின்றாள். குளிரில் அவை தூங்குவதுபோலத்தான் போகும் என்று ஆங்கிலத்தில் சொன்னாள், எனக்கா தனக்கா தெரியாது. நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னாள். "ம்மா, செராஸ்ல தர்ஷினின்னு ஒருத்தி இருக்கா. நத்தை வளக்குறவ, நல்லாப் பாத்துக்குவா. பத்துவையும் புலானையும் அவகிட்ட குடுத்துடலாம். நாளைக்கு வரச் சொல்லிருக்கேன்."

"ஏன்?"

"ஒங்களுக்கு எவ்ளோ தொல்லை! நோட்டீஸ் வரைக்கும் வந்துருச்சு. அதோட..." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "படிப்பு முடிஞ்சாலும் நான் இங்க வருவேனான்னு தெரியல ம்மா. அங்க லேப்லயே வேலை இருக்கும்னு சொல்றாங்க. எனக்கு அங்க புடிச்சிருக்கு."

என் கணவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். கடல் தாண்டிப் போய்ப் பிழைப்பது எங்கள் ஊரில் ஆண்களின் வழக்கம். வாப்பா போனார், மாமாக்கள் போனார்கள், இவர் வந்தார். மகளும் போவாள் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. போகாதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. என் உம்மாவை விட்டுவிட்டு வந்தவள்தானே நான்.

"சரி. இதுங்களும் போயிட்டா அப்புறம் எதுக்குடி எனக்கு போன் பண்ணுவ?" என்று கேட்டுவிட்டேன். வேடிக்கையாகக் கேட்கத்தான் நினைத்தேன். குரல் அப்படி வரவில்லை.

அஃப்ரின் கையைக் கழுவிவிட்டு வந்து, தன் போனில் எதையோ தேடி என் முன்னால் வைத்தாள். வீடியோவில் பேசும்போது அவள் எடுத்து வைத்த படங்கள். எல்லாம் எங்கள் தொட்டிதான். வெள்ளரித் துண்டு, நார்த் தூள், பத்து. நத்தைப் படத்தை எனக்கு ஏன் காட்டுகிறாள் என்று நினைத்தேன். அவள் விரலால் ஒரு இடத்தைப் பெரிதாக்கினாள். தொட்டியின் கண்ணாடியில் நான் தெரிந்தேன். தலைத்துணி கோணலாக, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, ஒரு கையில் போனோடு. அடுத்ததிலும் நான். அதற்கடுத்ததில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை.

"நேராப் பாத்தா நீங்க மூஞ்சிய நல்லா வச்சுக்குவீங்க ம்மா, நான் கவலப்படக் கூடாதுன்னு. இங்கதான் உண்மையா இருப்பீங்க."

அவள் இதைத் தமிழில், ஒரு ஆங்கிலச் சொல் கலக்காமல் சொன்னாள். அதைக்கூட நான் கவனித்தேன் பாருங்கள், அம்மா புத்தி.

மறுநாள் தர்ஷினி கையில் ஒரு பெட்டியோடு வந்தாள். அஃப்ரின் வயதுதான். உள்ளே வந்ததும் தொட்டி முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, நகை பார்ப்பதுபோல இரண்டையும் பார்த்தாள்.

"ஓடு எவ்ளோ ஸ்ட்ராங்கா இருக்கு ஆன்டி! ரொம்பப் பேருக்கு இப்படி வராது. யாரு வளக்குறா, அஃப்ரினா?"

அஃப்ரின் என்னைப் பார்த்தாள்.

"இல்லம்மா, நான்தான் வளக்குறேன்" என்றேன். "இதைக் குடுக்குறதா இல்ல. தப்பா நெனச்சுக்காத. செராஸ்லேர்ந்து இவ்ளோ தூரம் வந்துட்ட, மேல உக்காரு. தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகணும்."

தர்ஷினி ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அஃப்ரின் அவள் மடியிலிருந்த காலிப் பெட்டியை வாங்கிச் சுவரோரம் வைத்தாள். பிறகு கோப்பைகளை எடுக்க என் பின்னாலேயே அடுக்களைக்கு வந்தாள்.